சுவரோரத்துச் சாம்பல்

ஜனவரி 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். நீயும் அண்ணியும் சுகம்தானே? உன் முதுகுவலிக்குத் தைலம் தேய்க்கிறாயா, இல்லை வழக்கம்போல் "எனக்கு ஒண்ணுமில்ல" என்று வீம்பு பிடிக்கிறாயா?

வந்து சேர்ந்து பதினெட்டு நாளாகிவிட்டது, ஒரு வரி போடவில்லையே என்று நீ அங்கே உர்ரென்று உட்கார்ந்திருப்பாய். என்ன செய்ய, அம்மா போனதிலிருந்து நாலு வருஷம் பூட்டிக் கிடந்த வீடு. குழாயைத் திறந்தால் துரு, அலமாரியைத் திறந்தால் கரப்பான். உன் மாப்பிள்ளை மூன்றாம் நாளே லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இனி மாதத்துக்கு இரண்டு தடவை முகம் காட்டினால் அதிகம். "வாடகை எல்லாம் எதுக்கு, நம்ம வீடு சும்மாதானே கெடக்கு, போய் இரு" என்று நீ சொன்னாயே, அந்த ஒரு வார்த்தையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

கொல்லைப்புறத்தை நீ இப்போது பார்த்தால் அடையாளம் தெரியாது. புதரை வெட்டி, பழைய செங்கல்லை அடுக்கி, ஆறு பாத்தி கட்டியிருக்கிறேன். இடுப்பு ஒடிந்துவிட்டது, போ. ஏழு முட்டைக்கோழி, ஒரு சேவல், இரண்டு முயல். சேவலுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்திருக்கிறோம். காலையில் ஒவ்வொரு பாத்தியாக நின்று நின்று பார்த்துவிட்டுத்தான் போவார். நம்ம பட்டாணிப் பயலுக்கு அவர்மேல் ஒரே பயம். மூன்றரை வயசுக்கு என்ன வாய் தெரியுமா அவனுக்கு? "அம்மா, இன்ஸ்பெக்டர் என்னைப் புடிச்சிட்டுப் போவாரா, இல்ல வெறும் கேள்விதான் கேப்பாரா?" என்கிறான்.

இன்னொரு நல்ல சேதி. மதில் ஓரத்தில், நீ பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் காய்ச்சுவாயே, அந்த மூலையில் ஒரு சாண் கிளறினால் சாம்பல் நிறத்தில் மாவு போல மண். கோழிகள் எப்படியோ கண்டுபிடித்துவிட்டன. மத்தியானம் ஆனால் ஏழும் அதில் புரண்டு புரண்டு குளிக்கின்றன. சாம்பலில் புரண்டால் கோழிப்பேன் போகும் என்று கோழி விற்றவரும் சொன்னார். செடிக்கும் சாம்பல் நல்லதுதானே! நாளையிலிருந்து கூடை கூடையாக அள்ளிப் பாத்திகளில் கொட்டப் போகிறேன். உன் பழைய அடுப்பு இத்தனை வருஷம் கழித்து எனக்கு உரம் போடுகிறது.

அண்ணியைக் கேட்டதாகச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


ஜனவரி 29

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது.

நாங்கள் நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டுகிறேன். முதுகுவலி இருக்கிறது, ஆனால் வேலைக்குப் போய் வருகிறேன். தொழிற்சாலையில் புதிதாக ஒரு பிரிவு திறந்திருக்கிறார்கள், மேற்பார்வை என் தலையில்.

ஒரு விஷயம். அந்த மதில் மூலை வேண்டாம். அங்கே முன்பு பாம்பு இருந்தது, நானே இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். நாலு கம்பு நட்டு வலை கட்டிவிடு. கோழிகளை அந்தப் பக்கம் விடாதே. அந்த மண்ணை எடுக்காதே. பட்டாணி அங்கே விளையாடவே கூடாது. எதற்கெடுத்தாலும் ஏன் எதற்கு என்று கேட்காமல் இந்த ஒரு தடவையாவது சொன்னதைச் செய்.

மற்றபடி தோட்டம் போட்டது சந்தோஷம். பதில் உடனே எழுது.

அண்ணன்


பிப்ரவரி 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் முயல் இரண்டும் கூண்டுக்குள் ஓடிவிட்டன. பாம்பா? உனக்குக் கரப்பானைக் கண்டாலே கால் தரையில் நிற்காது. நீ பாம்பைப் பார்த்திருந்தால் அன்றைக்கே ஊரைக் கூட்டியிருப்பாயே!

அதோடு, உன் கடிதம் வருவதற்குள் அந்த மூலை காலி. முழங்கால் ஆழம் தோண்டிவிட்டேன். பாம்பும் இல்லை, பூரானும் இல்லை. அத்தனையும் ஆறு பாத்திகளுக்குப் போய்விட்டது. உன் பழைய பேட்டரித் தகடுகள் ஏழெட்டு கிடைத்தன. பட்டாணி அவற்றை வரிசையாக அடுக்கிக்கொண்டு கடை வைத்திருக்கிறான், மாமா மாதிரி. என்னிடமே விலை பேசுகிறான், குறைக்கவே மாட்டேன் என்கிறான்.

கீரை முளைத்து விரல் உயரம் வந்துவிட்டது. முள்ளங்கியும் தலை காட்டுகிறது. தினமும் நாலு முட்டை, ஐந்து முட்டை. காலையில் எழுந்ததும் பட்டாணி தானே போய்க் கூண்டுக்குள் கையை விட்டு எடுத்துக்கொண்டு வருவான். அவன் எடுத்த முட்டையைத்தான் அவனுக்கு வேக வைக்க வேண்டும். வேறு முட்டையை வைத்தால் கண்டுபிடித்துவிடுகிறான், கள்ளன்.

அண்ணா, உன்னிடம் சொல்வதற்கென்ன. நம் தம்பி சின்னவன் செத்துப்போனதிலிருந்து அம்மா என் கையால் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. "ராசியில்லாத கை" என்பாள். ஒன்பது வயசில் கேட்ட வார்த்தை, இருபத்தாறு வருஷமாகக் காதிலேயே இருக்கிறது. இப்போது பாத்தியைப் பார்க்கிறேன், தொட்டதெல்லாம் முளைக்கிறது. பக்கத்து வீட்டுத் தையற்காரம்மா "உனக்கு நல்ல கைராசி" என்று சொல்லிவிட்டுப் போனாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான், பயப்படாதே.

உன் தங்கை


மார்ச் 14

அன்புத் தங்கைக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வேலை அதிகம்.

அந்தத் தகடுகளைப் பட்டாணியிடமிருந்து வாங்கித் தூரப் போடு. கையில் கிழித்தால் சீழ் பிடிக்கும். சோப்புப் போட்டுக் கை கழுவி விடு. முட்டையும் தினம் கொடுக்காதே, குழந்தைக்குச் சூடு. கீரையையும் இந்த வருஷம் சமைக்க வேண்டாம். பச்சைக் கோழி எரு போட்ட பாத்தியில் முதல் வருஷம் விளைவது வயிற்றுக்கு ஆகாது என்று இங்கே தெரிந்தவர் ஒருவர் சொன்னார். பாத்திகளை ஒரு வருஷம் சும்மா போட்டு வை.

யோசித்துப் பார்த்தால் அந்த வீடும் உங்களுக்குச் சரிப்படாது போலிருக்கிறது. பழைய வீடு, சுவரெல்லாம் ஓதம். மாப்பிள்ளை வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பக்கமாக வேறு வீடு பாருங்கள். ஆகிற செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணன்


ஏப்ரல் 1

அண்ணாவுக்கு,

சுகம் விசாரித்ததாக வைத்துக்கொள். இன்றைக்கு நான் உன்மேல் கோபமாக இருக்கிறேன்.

போன வருஷம் நீயேதான் "நம்ம வீடு, போய் இரு" என்றாய். இப்போது நீயே வேறு வீடு பார் என்கிறாய். வீட்டை வாங்க யாராவது வந்திருக்கிறார்களா? இல்லை, அண்ணிக்கு நான் இங்கே இருப்பது பிடிக்கவில்லையா? எதுவானாலும் நேராகச் சொல்லு. முதலில் பாம்பு என்றாய், அப்புறம் சூடு, அப்புறம் எரு, இப்போது ஓதம். அடுத்த கடிதத்தில் பேய் வருமா? என்னை என்ன சின்னக் குழந்தை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்?

சொல்ல வேண்டாம் என்று இருந்தேன். இங்கே நிலைமையும் சரியில்லை. இரண்டு கோழி செத்துப்போயின. கழுத்து தொங்கிப்போய், பச்சையாகக் கழிந்து, மூன்றாம் நாள் முடிந்துவிட்டன. மற்றவை இடும் முட்டை ஓடு காகிதம் போல் இருக்கிறது, எடுக்கும்போதே உடைகிறது. முயல் போட்ட குட்டி ஐந்தும் செத்தே பிறந்தன. பட்டாணிக்கு வயிற்றுவலி. நாலு நாளுக்கு ஒருமுறை முக்கி முக்கி அழுதுகொண்டு வெளிக்குப் போகிறான். முகம் வெளுத்துவிட்டது. டாக்டர் பூச்சி மருந்து கொடுத்தார், ஒன்றும் கேட்கவில்லை. முன்பு போலப் பேச்சும் இல்லை. நேற்று முயலைக் காட்டி "இது என்னடா?" என்றேன். என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அதன் பெயர் அவனுக்கு வரவில்லை அண்ணா. கீரை நிறையக் கொடுத்தால் ரத்தம் ஊறும் என்று இரண்டு வேளையும் மசித்துக் கொடுக்கிறேன்.

வீட்டு விஷயத்துக்கு ஒளிவு மறைவு இல்லாமல் பதில் எழுது.

தங்கை


ஏப்ரல் 13
(தபாலில் சேர்க்காதது)

தங்கச்சி,

கீரை கொடுக்காதே. முட்டை கொடுக்காதே. அந்தப் பாத்திகளில் இருப்பது சாம்பல் இல்லை, ஈயக் கசடு. நான் இரண்டு வருஷம் காய்ச்சிக் கொட்டியது. விஷம். கோழி அதில் புரண்டு, கொத்தி, முட்டையில் அது இறங்கியிருக்கும். கீரையிலும் இருக்கும். அவன் விரலிலும் இருக்கும். அவனுக்கு வந்திருப்பது பூச்சி இல்லை.

எனக்கு இது தெரிந்து ஆறு வருஷமாகிறது. இங்கே தொழிற்சாலையில் ஈயத்தோடு வேலை என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எங்கள் ரத்தத்தைப் பரிசோதிப்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, "இதுக்கு முன்னாடி எங்க ஈய வேலை பாத்தீங்க?" என்று கேட்டார். வீட்டுக் கொல்லையில், திறந்த அடுப்பில், பத்தொன்பது வயசில் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "வீட்டுல சின்னப் பசங்க யாராவது இருந்தாங்களா? வயித்துவலி, வலிப்பு, அப்படி ஏதாச்சும்?"

இல்லை என்று சொல்லிவிட்டேன்.

சின்னவன் நாள் முழுக்க என் அடுப்பு ஓரத்தில்தான் உட்கார்ந்திருப்பான். சிந்திய ஈயம் உறைந்ததும் பொறுக்கி வாயில் போட்டுக்கொள்வான், நான் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அவனைக் கொன்றது நீ வேலியில் பறித்துக் கொடுத்த பழம் இல்லை, நான்தான். அவன் போன பிறகு எனக்கு அந்த வேலையே வெறுத்துப்போய் அடுப்பை இடித்து மண் போட்டு மூடினேன். ஏன் செத்தான் என்று அப்போது எனக்கும் தெரியாது. இருபத்தாறு வருஷ மழையில் எல்லாம் கரைந்துபோயிருக்கும் என்று நினைத்துத்தான் உன்னை அங்கே போகச் சொன்னேன்.

உன்னிடம் சொன்னால் அதோடு நீ என் முகத்தில் விழிக்க மாட்டாய். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அந்தப் பயத்தில்தான் பாம்பு, சூடு என்று எழுதினேன். நீ அதையெல்லாம் நம்பியிருக்கக் கூடாதா?


ஏப்ரல் 14

அன்புத் தங்கைக்கு,

நலம். வீட்டை விற்கும் எண்ணம் எனக்கும் இல்லை, அண்ணிக்கும் இல்லை. நீ தாராளமாக இரு. ஏதோ உன் நல்லதுக்கு எழுதினேன், தப்பாக எடுத்துக்கொண்டாய்.

பட்டாணிக்குப் பால் நிறையக் கொடு. கீரை வேண்டாம். பெரிய டாக்டர் யாரிடமாவது காட்டு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


ஜூன் 9

அண்ணா,

இரண்டு மாதமாக எழுதவில்லை. நீயும் எழுதவில்லை. எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே யாரும் சுகமில்லை.

மே பத்தொன்பதாம் தேதி பட்டாணிக்கு வலிப்பு வந்தது. பாத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முள்ளங்கி பிடுங்கிக்கொண்டிருந்தான், நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் கண் மேலே செருகி, வாயில் நுரை தள்ளி, வில்லாக வளைந்து கிடக்கிறான். தையற்காரம்மாவும் நானும் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்துவிட்டான். மறுபடி இருபத்திரண்டாம் தேதி, மறுபடி முப்பதாம் தேதி. ஆஸ்பத்திரியில் காய்ச்சல் வலிப்பு என்றார்கள். அவனுக்குக் காய்ச்சலே இல்லை அண்ணா, தொட்டுப் பார்த்தவள் நான்.

நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? அதே மாதிரி, அச்சு அசல் அதே மாதிரி. அன்றைக்கும் இப்படித்தான். வேலியில் பழுத்திருந்த சிவப்புப் பழத்தை ஒரு கை பறித்துச் சின்னவனுக்கு ஊட்டினேன். நானும்தான் நாலு தின்றேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவனுக்குச் சாயங்காலம் வலிப்பு, மறுநாள் பிணம். அம்மா என் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாளே, அது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அடிக்கவில்லை, திட்டவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான்.

அம்மா சொன்னது சரி. என் கையில் ஏதோ இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி ஏதோ சொன்னாள் என்று குளிர்ந்துபோய், என் கையால் விளைவித்து, என் கையால் மசித்து, என் கையால் ஊட்டினேன். பெற்றவள் ஊட்டினால் குழந்தை தேறும் என்பார்கள். என் பிள்ளை தேய்கிறான்.

நேற்று உன் மாப்பிள்ளையிடம் சொல்லி அவனை என் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அவளுக்குப் பிள்ளை இல்லை, ஆசையாகப் பார்த்துக்கொள்வாள். வண்டியில் ஏற்றும்போது அவன் அழக்கூட இல்லை, என்னையே பார்த்துக்கொண்டு போனான்.

ஒரு வார்த்தை எழுது அண்ணா.

தங்கை


ஜூன் 27

அண்ணா,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் வாசலுக்குப் போய் நிற்கிறேன். அவரே இப்போது தூரத்திலிருந்து கையை ஆட்டி "இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

பட்டாணி அங்கே தேறிவிட்டான். போன பதினெட்டு நாளில் வலிப்பு வரவே இல்லை. பசி எடுத்துச் சாப்பிடுகிறானாம். ஒரு நாள் "நாய்" என்று தெளிவாகச் சொன்னானாம். நாத்தனார் பெருமையாக எழுதியிருந்தாள். சந்தோஷப்பட வேண்டியவள்தானே நான்? படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வேறு அத்தாட்சி என்ன வேண்டும்? என் கையை விட்டுப் போனான், பிழைத்தான்.

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். அவனை அவளுக்கே தத்துக் கொடுத்துவிடப் போகிறேன். உன் மாப்பிள்ளை முதலில் குதித்தார், "பைத்தியமாடி உனக்கு?" என்றார். அப்புறம் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து "சரி" என்றார். ஜூலை இருபதாம் தேதி பத்திரத்தில் கையெழுத்து. அதற்குப் பிறகு நான் அவனுக்கு அத்தை முறை. மாதம் ஒரு தடவை தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வருவேன், எதுவும் கொடுக்க மாட்டேன்.

இது பாவமா அண்ணா? நீ சரி என்று சொன்னால் எனக்கு மனசு ஆறும். அம்மா இல்லாத இடத்தில் நீதான் எனக்குப் பெரியவன். இருபதாம் தேதிக்குள் எழுது.

தங்கை


ஜூலை 6

தங்கச்சிக்கு,

கையெழுத்துப் போடாதே.

இதோடு ஏப்ரலில் எழுதி அனுப்பாமல் பெட்டியில் வைத்திருந்த கடிதத்தை வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படி. படித்துவிட்டு இதற்கு வா.

உன் கையில் ஒன்றும் இல்லை. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. அவன் அங்கே போய்த் தேறினான் என்றால் அந்த மண்ணை விட்டுப் போனதால், உன்னை விட்டுப் போனதால் அல்ல. நாத்தனார் வீட்டிலிருந்து நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ. "ரத்தத்துல ஈயம் இருக்கான்னு பாருங்க" என்று நீயே வாய் திறந்து கேள், அவர்களாகப் பார்க்க மாட்டார்கள். இறக்குவதற்கு மருந்து இருக்கிறது. உன் ரத்தத்தையும் பார்க்கச் சொல். கோழியையோ முட்டையையோ யாருக்கும் கொடுத்துவிடாதே. பாத்தி மண்ணைக் கிளறாதே, ஈரச் சாக்குப் போட்டு மூடி வை. அந்த வீட்டில் இனி ஒரு நாள்கூட இருக்காதே.

ஏப்ரலில் அந்தக் கடிதம் வந்திருந்தால் அவனுக்கு வலிப்பே வந்திருக்காது. அது எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். நான் கோழை. அண்ணி இதைப் படித்தாள், மூன்று நாளாக என்னோடு பேசவில்லை.

நான் புறப்பட்டு வருகிறேன். காலில் விழுந்தாவது கேட்கிறேன். என்னை மன்னிப்பாயா? ஒரு வரி எழுது, அடுத்த வண்டிக்கே கிளம்புகிறேன்.

அண்ணன்


ஆகஸ்ட் 19

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் ஜூலை பதினான்காம் தேதி கிடைத்தது. பதினைந்தாம் தேதி பட்டாணியை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். நீங்கள் எழுதிக் கொடுத்த வார்த்தையைச் சொன்னதும் டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள். ஈயம் இருந்தது. அதன் அளவைப் பார்த்துவிட்டு அவர் இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார். இருபத்தோரு நாள் உள்ளே இருந்தோம். வலிப்பு நின்றுவிட்டது. இப்போது பதினோரு வார்த்தை பேசுகிறான். முன்பு போல ஆகிவிடுவானா என்று கேட்டேன். "பாக்கலாம்மா" என்றார் டாக்டர். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். என் ரத்தத்திலும் இருக்கிறது. பத்திரத்தில் கையெழுத்துப் போடவில்லை.

மிச்சமிருந்த கோழிகளையும் முயல்களையும் சுகாதாரத் துறையிலிருந்து வந்து கொண்டுபோய்விட்டார்கள். பாத்தி மண்ணை முகமூடி போட்டுக்கொண்டு நாலு பேர் பீப்பாயில் அள்ளினார்கள். நான் தெருவில் நின்று பார்த்தேன்.

மன்னிப்பாயா என்று கேட்டிருந்தீர்கள். அது என்னிடம் கேட்கிற கேள்வியா என்று யோசித்துப் பார்த்தேன். அம்மாவின் கடைசி நாளில் நான் ஸ்பூனில் தண்ணீர் கொண்டுபோனேன். அம்மா வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். நீங்கள் என் கையிலிருந்து அந்த ஸ்பூனை வாங்கிக் கொடுத்தீர்கள், குடித்தாள். அது நாலு வருஷத்துக்கு முன்பு. உங்களுக்குத் தெரிந்து ஆறு வருஷம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அம்மாவின் காதில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அந்தத் தண்ணீரை என் கையால் குடித்திருப்பாள். அதற்கு நீங்கள் அம்மாவிடம்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும், இனி முடியாது.

வர வேண்டாம்.

மண் அள்ள வந்தவர்களில் ஒருவர், இந்த மூலையை எப்போது மூடினார்கள் என்று கேட்டார். என் தம்பி இறந்த பிறகு என்று, நீங்கள் எழுதியிருந்தபடியே சொல்லிவிட்டேன். அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் உட்கார்ந்து நினைத்துப் பார்த்தேன். அன்றைக்கு நீங்கள் அவசர அவசரமாக அடுப்பை இடித்தீர்கள். நான் கூடையில் மண் சுமந்தேன். எனக்குப் பின்னாலேயே சின்னவனும் ஒரு தகர டப்பாவில் மண் சுமந்துகொண்டு வந்தான். நடுவில் வயிறு வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டான். நீங்கள் அவனைத் தூக்கிக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தீர்கள். "அம்மா கிட்ட சொல்லாத" என்று என்னிடம் சொன்னீர்கள். வேலியில் பழம் அப்போது காயாக இருந்தது.

அவன் உயிரோடு இருக்கும்போதே அடுப்பை ஏன் மூடினீர்கள்?

இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று விசாரித்து எழுத வேண்டாம்.